நாலு நாள் லீவு, நாலு வீடு, ஒரு அடுப்பு

போகிக்கு முந்தின சாயங்காலமே வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் தோளில் பையும் கையில் துணிக்கடைக் கவருமாக ஒரு கூட்டம் நிற்கத் தொடங்கிவிடும். ஒரகடம் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும் ஏறி, கிளாம்பாக்கம் போய், அங்கிருந்து திருநெல்வேலிக்கோ தேனிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் பிடிக்கிற கூட்டம். அது கிளம்பியதும் சேரப்பணஞ்சேரி மாதிரி ஊர்களில் வாடகை வீட்டு வரிசைகள் சட்டென்று அமைதியாகிவிடும். வாசலில் பைக் இருக்காது, கொடியில் யூனிஃபார்ம் காயாது.

ஆனால் எல்லோரும் போய்விடுவதில்லை. லைன் நிற்கும்போதுதான் மெஷினைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதால் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குப் பண்டிகையிலும் டியூட்டி இருக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நாலு நாள் லீவில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. சொந்த ஊரே இதுவாக இருப்பவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. இப்படி மிச்சமிருப்பவர்கள் ஒன்றுகூடி மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஓர் அடுப்பு போட்டால் என்ன என்ற யோசனை, யூடியூபில் யாரோ கோழிக்காலைத் திருப்பிப் போடுவதைப் பார்த்த ஒரு பையனிடமிருந்துதான் பெரும்பாலும் வரும்.

ஒரு காம்பவுண்டில் நாலு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஹவுஸ் ஓனர் தம்பதி, உள்ளூர்க்காரர்கள், இரண்டு மாடு உண்டு. பக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்னாடி ஒற்றை ரூமில் பீகார் இளைஞர்கள் மூன்று பேர். மாடியில் பாட்டியோடு ஐந்து பேர் கொண்ட சைவக் குடும்பம், அதில் ஒருவர் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருக்கிறார். இந்த வட்டாரத்தில் இது அபூர்வமான சேர்க்கை அல்ல.

இவர்களுக்கு முதல் சிக்கல் கறியும் இல்லை, கரியும் இல்லை. எந்த நாள் என்பதுதான்.

இந்த 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழன். அன்று பால் பொங்கும், கறி எண்ணமே வராது. 16 வெள்ளி, மாட்டுப் பொங்கல். ஓனர் வீட்டில் மாட்டுக்குப் படையல். போதாததற்கு அது திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமையும் புலால் மறுத்தலும் எழுதியவர் நாளில் இறைச்சிக் கடைகளை மூடச்சொல்லி உள்ளாட்சி அமைப்புகள் அறிவிப்பது வழக்கம், டாஸ்மாக்கும் அடைப்பு. கிராமத்துப் பக்கம் எத்தனை கறிக்கடை உண்மையிலேயே ஷட்டரை இழுக்கும் என்பது வேறு கதை. 17 சனி. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கிறது, சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். சரி, ஞாயிறுதான் ஊருக்கே கறி நாள் என்று நிமிர்ந்தால், 18-ஆம் தேதி தை அமாவாசை. முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு சாயங்காலம் கோழிக்கால் கடிக்க எந்த வீட்டில் விடுவார்கள்?

நாலு நாள் லீவு. நாலு நாளும் ஏதோ ஒரு காரணத்தால் யாரோ ஒருவருக்கு ஆகாத நாள்.

இதில் சனிக்கிழமைக்குத்தான் வழி இருக்கிறது. அன்று காணும் பொங்கல். உறவையும் நட்பையும் போய்ப் பார்க்கிற நாள், பல வீடுகளில் கறி எடுக்கிற நாள். சில ஊர்களில் அதைக் கரிநாள் என்றே சொல்வார்கள். அடுப்புக்கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பார்பிக்யூ போட இதைவிடப் பொருத்தமான பெயருள்ள நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது. சனிக்கிழமை விரதக்காரர்களையும் மாடிவீட்டையும் விட்டுவிட வேண்டியதில்லை. அடுப்பில் எது முதலில் ஏறுகிறது என்பதை மாற்றினால் போதும். அது பின்னால்.

நாள் முடிவானால் அடுத்தது நேரம். இந்தப் பகுதியில் "சாயங்காலம் வாங்க" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. ஏ ஷிப்ட் முடித்தவர் மூன்று மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். சி ஷிப்ட்காரர் ஒன்பது மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது ஐந்தரையிலிருந்து எட்டரை வரை மூன்றே மணி நேரம். காணும் பொங்கலுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூட்டம் நெரியும் என்பதால், அந்த வழியாக வரவேண்டிய மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகளை மதியமே கிளம்பச் சொல்லிவிடுவது நல்லது.

ஆக, யார் யார் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருப்பார்கள், யாருக்கு எது ஆகாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான் திட்டத்தின் முதல் வேலை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால் பாட்டியும் பீகார் தம்பிகளும் விட்டுப்போவார்கள். வாசலில் நின்று கேட்பதே மேல். "பய்யா, நீங்க சிக்கன் சாப்பிடுவீங்களா?" என்று ஃபிட்டர் கேட்கும்போது, மூன்று பேரில் ஒருவர் முட்டைகூடத் தொடமாட்டார் என்பது ஒன்றரை வருடம் பக்கத்தில் குடியிருந்த பிறகு முதல்முறையாகத் தெரியவரும். வருகிறவர்களில் முஸ்லிம் நண்பர் இருந்தால் ஹலால் கடையிலேயே வாங்கிவிட்டால் ஒரே அடுப்பில் எல்லோருக்கும் ஆயிற்று.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்காமல் இருக்க மாட்டார். வார்த்தை வெள்ளைக்காரன் வழியாக வந்ததுதான், அதுவும் கரீபியத் தீவுகளின் பழங்குடிகளிடம் ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டது. பழக்கம் அப்படி அல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தைப் படித்துப் பார்க்கலாம். இரும்புக் கம்பியில் கோர்த்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளிச் சாப்பிடுகிறார் அந்தப் பொருநர். இராப்பகலாகத் தின்று தின்று, கொல்லை உழுத கொழு மாதிரி பல் தேய்ந்தே போய்விட்டதாம். கடைசியில் சலித்துப்போய் ஊருக்குப் போகிறேன் என்கிறார். ஒரு பார்பிக்யூவைப் பற்றி இதைவிட நேர்மையான விமர்சனம் தமிழில் வந்திருக்கிறதா என்பது சந்தேகம்.

கரி, கம்பி, பேரல்

அடுப்பு விஷயத்தில் இந்த வட்டாரத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆன்லைனில் வரும் தகர ஸ்டாண்டு இரண்டாவது தடவையே காலை வளைத்துக்கொள்ளும். இங்கே தெருவுக்கு ஒரு வெல்டர், வீட்டுக்கு ஒரு ஃபிட்டர். ஒரு மத்தியானத்தில் அளவெடுத்து அடுப்பு செய்துவிடுவார்கள். பழைய 200 லிட்டர் இரும்புப் பேரலை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கால் வைத்தால் பத்து வருடம் நிற்கும்.

பிரச்சனையும் அதே இடத்தில்தான். பேரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் அறுக்கக் கூடாது. தின்னரோ கரைப்பானோ இருந்த பேரலின் உள்ளே ஆவி தங்கியிருக்கும். கிரைண்டர் பொறி பட்டதும் வெடிக்கும். கழுவிவிட்டேன் என்பது போதாது. சமையல் எண்ணெய் வந்த பேரல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். அதன் உள்பக்கப் பெயின்ட்டையும் முதலில் வெறும் விறகு போட்டு எரித்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். மேலே வைக்கும் வலைக்கு வேலிக்கம்பி வலையை வெட்டிப் போடுவது இன்னொரு தவறு. அதில் பூசியிருப்பது துத்தநாகம். சூடேறினால் அதன் புகை கறியில் படியும், மூச்சிலும் ஏறும். எஸ்.எஸ். கம்பியைக் கேட்டு வாங்கினால் கொஞ்சம் செலவு, அவ்வளவுதான்.

அடுத்தது விறகு. ஒரகடம் ஏரியாவில் ஓசியில் கிடைக்கும் விறகு என்றால் அது பேக்கிங் மரம். ஸ்பேர் பார்ட்ஸ் வந்த பாலெட்டைப் பிரித்தால் நல்ல காய்ந்த பலகை, யாருக்கும் கை நீளும். அடுப்பில் போடுவதற்கு முன் பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் பாலெட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படமும், நாட்டின் குறியீடும், பூச்சி நீக்கிய முறையும் இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றிய மரம். அதைச் சமையல் அடுப்பில் மட்டுமல்ல, வெந்நீர் அடுப்பில்கூட வைக்கக் கூடாது. எச்.டி. பலகையாகவே இருந்தாலும் வழியில் அதன் மேல் எந்த ஆயில் கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. பிளைவுட்டும் பெயின்ட் அடித்த கட்டையும் பேச்சுக்கே இடமில்லை.

பேசாமல் கரியே வாங்கிவிடலாம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் எங்கே நல்ல அடுப்புக்கரி கிடைக்கும் என்று கையைக் காட்டுவார். தமிழ்நாட்டுக் கரியில் பெரும்பங்கு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக் கருவேல மரம். வெட்டிய கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் புகையவிட்டு எடுப்பார்கள். மூட்டம் போடுவது என்று அதற்குப் பெயர். எந்த நேரமும் ஓட்டை விழுந்து குப்பென்று பற்றிக்கொள்ளலாம் என்பதால் ராத்திரியும் முழித்திருந்து காவல் காக்கிற வேலை அது. நாட்டின் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊரே திட்டித் தீர்க்கும் மரம், கரியாக வந்தால் மட்டும் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடுகிறது. கொட்டாங்குச்சிக் கரியும் நல்லது, சூடு அதிகம், புகை குறைவு. மூன்று கிலோ கறி, காய்கறி, கிழங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலைந்து கிலோ கரி இருந்தால் தாராளம்.

பற்றவைக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வேண்டாம். தேங்காய் நார், காய்ந்த வரட்டித் துண்டு, இரண்டு கற்பூரம் போதும். ஓனர் வீட்டில் மாடு இருக்கும்போது வரட்டிக்கா பஞ்சம்? பற்றவைத்த அரைமணி, முக்கால் மணிக்கு எதையும் மேலே வைக்கக் கூடாது. கரி மேலே சாம்பல் பூத்து வெளுத்து, ஜுவாலை அடங்கிய பிறகுதான் அது சமையல் நெருப்பு. அந்தப் பொறுமை இல்லாததால்தான் முதல்தடவை போடுகிறவர்களின் கோழி வெளியே கருகி உள்ளே ரத்தமாக வருகிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால் வலையில் சூடான பாதி, சூடு குறைந்த பாதி என்று இரண்டு கிடைக்கும். சூட்டில் நிறம் வாங்கி, ஓரத்தில் நிதானமாக வேகவிடலாம்.

மாடியில் போடுவதானால் தளத்தில் நேராக நெருப்பு படக் கூடாது. கூலிங் டைல்ஸ் வெடித்துவிடும், மழைக்காலத்தில் கீழே ஒழுகும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். செங்கல் பரப்பி, மேலே மணல் கொட்டி, அதன் மேல் அடுப்பு. மாடிவீட்டுக் கொடியில் துணி இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யாருக்காவது வீசிங் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். போகிப் புகை அடங்கி மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

கணக்கு

எலும்போடு கூடிய கோழி, பெரியவருக்குக் கால் கிலோ, பிள்ளைகளுக்கு அதில் பாதி. இந்தக் காம்பவுண்டில் மகள், மாப்பிள்ளையையும் சேர்த்துக் கறி சாப்பிடும் பெரியவர்கள் எட்டு பேர், பிள்ளைகள் நாலு. இரண்டரை கிலோ வருகிறது. வாசனை பிடித்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் மூன்று. ஆட்டுக்கறி கேட்கும் மாப்பிள்ளைக்கு அதைக் குழம்பாக வைத்துக் கொடுப்பதே மரியாதை. கரி அடுப்பில் ஆட்டுக்கறி பக்குவமாக வர அனுபவம் வேண்டும். பப்பாளிக்காய் அரைத்துப் பூசினால் மெத்தென்று ஆகும்தான், கொஞ்சம் கூடினால் களியாகிவிடும். மீன் வேண்டுமென்றால் சங்கராவோ ஜிலேபியோ முழுசாகக் கீறி மசாலா தடவி வாழை இலையில் சுற்றி வைக்கலாம், வலையில் ஒட்டாது.

கோழிக்குத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். சர்க்கரையோ தேனோ ஆரம்பத்தில் சேர்த்தால் கருகும். நாலு மணி நேரம் ஊற வேண்டும், அதுவும் குளிரில் ஊற வேண்டும். யார் வீட்டு ஃபிரிட்ஜில்? மாடிவீட்டு ஃபிரிட்ஜைக் கேட்கவே கூடாது. பீகார் தம்பிகளிடம் ஃபிரிட்ஜ் இல்லை. ஓனர் அம்மா ஃபிரிட்ஜில் இரண்டு நாள் பொங்கலும் மொச்சைக்குழம்பும் இடம் பிடித்திருக்கும். மீன்காரரிடம் ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கி, ஐஸ் போட்டு, மூடிய டப்பாவில் கறியை உள்ளே வைத்துவிட்டால் யாரையும் சங்கடப்படுத்தாமல் முடிந்துவிடும்.

இதைக் கொஞ்சம் கறாராகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டாகச் சமைத்த சாப்பாடு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கொதித்துப்போன தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாலு வீட்டு விருந்து அந்த அளவு பெரியதல்ல. ஆனால் திங்கட்கிழமை லீவு போட முடியாதவர்களுக்கு ஒரு வயிற்றுப்போக்கு என்பது ஒருநாள் சம்பளம்.

பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததை எடுத்து வைக்கக் கூடாது. மிச்சமான மசாலாவை வெந்த கறி மேல் பூசக் கூடாது. வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்வதும் கஷ்டம், மறுநாள் அமாவாசை என்பதால் நிலா வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. அடுப்புக்கு நேராக ஒரு நல்ல பல்பு தொங்க வேண்டும். ஐந்து மைக்ரான் வித்தியாசத்துக்கு கேஜ் வைத்து அளந்து பார்ட்டை ரிஜெக்ட் செய்பவர்கள், கோழியை மட்டும் விரலால் அமுக்கிப் பார்த்து "ஓகே" என்கிறார்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது. தொடைக்கறியின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தும்போது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

முதலில் ஏறுவது கிழங்கு

தை மாதத்தில் சுட்டுச் சாப்பிட இயற்கையே கூடை நிரப்பி வைத்திருக்கிறது. பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்ததை யாரும் தொடாமல் கிடக்கும். அதையே தோலோடு தணலில் புதைத்து எடுத்தால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். பனங்கிழங்கும் அப்படியே. தூத்துக்குடிக்காரருக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கரும்பைக் கைக்கு அடக்கமான குச்சிகளாகச் சீவி அதில் பனீரும் குடைமிளகாயும் கோர்த்தால் கடைசியில் குச்சியையும் கடிக்கலாம்.

மாடிவீட்டுக்கும் விரதக்காரருக்கும் இதெல்லாம் ஓரத்தில் கிடைக்கிற துணைச் சாப்பாடாக இருக்கக் கூடாது. ஐந்தரைக்குப் புது வலை, புது இடுக்கி, சுத்தமான நெருப்பு. அதில் கிழங்கும் காயும் முதலில். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறரைக்கு வலையை மாற்றிக் கோழி ஏறும். இப்படிச் செய்தால் பாட்டி கீழே வந்து நாற்காலி போட்டு உட்காருவார். கறிக்கு நடுவில் "உங்களுக்குத் தனியா வெச்சிருக்கோம்மா" என்று ஒரு தட்டை நீட்டினால் உட்கார மாட்டார். மாலை போட்டவர் வருவாரா மாட்டாரா என்பது அவர் விருப்பம். வற்புறுத்தாமல், மேலே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

பீகார் தம்பிகளை வெறும் விருந்தாளிகளாக உட்கார வைப்பது இந்த அடுப்புக்கே நஷ்டம். தணலில் சுடுவதில் அவர்கள் ஊர் நம் ஊரைவிட மூத்த கை. கோதுமை மாவு உருண்டைக்குள், வறுத்த கடலை மாவான சத்துவில் பச்சைமிளகாய், ஓமம், கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்து அடைத்து, தணலில் புரட்டிச் சுட்டால் அதுதான் லிட்டி. ஊரிலிருந்து வரும்போது பையில் சத்து மாவு இல்லாத பீகாரி அபூர்வம். வரட்டித் தணல் என்றால் அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். தொட்டுக்கொள்ள, கத்திரிக்காயும் தக்காளியும் சுட்டுத் தோலுரித்து மசித்த சோக்கா. ஓனர் அம்மா அதைப் பார்த்ததும், "அட, இது நம்ம சுட்ட கத்திரிக்கா தொவையலாச்சே" என்பார். புளி போடணும் என்று ஒரு கட்சி, கடுகெண்ணெய்தான் போடணும் என்று ஒரு கட்சி. பாஷை தெரியாத இரண்டு வீட்டுக்கு நடுவில் இதைவிட நல்ல சண்டை கிடைக்காது. சைவம் சாப்பிடும் அந்த மூன்றாவது தம்பியின் தட்டும் இதிலேயே நிரம்பிவிடும்.

யார் வேலை?

பார்பிக்யூ என்றால் ஆண்கள் சமையல் என்று ஒரு பெயர் இருக்கிறது. உண்மையில் நடப்பது என்ன? பெண்கள் காலையிலேயே கறி கழுவி, இஞ்சி பூண்டு அரைத்து, மசாலா ஊறவைத்து, வெங்காயம் நறுக்கி, சட்னி அரைத்துக் கொடுப்பார்கள். ஆண்கள் கையில் இடுக்கியோடு அடுப்பைச் சுற்றி நின்று இரண்டு மணி நேரம் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு பாத்திரமெல்லாம் மறுபடி பெண்கள் பக்கம். அதுவும் போகி தொடங்கி மூன்று நாளாக வீடு துடைத்து, கோலம் போட்டு, பொங்கல் வைத்து இடுப்பு ஒடிந்தவர்கள்.

பத்தாவது படிக்கிற பையன்கூட வெங்காயம் உரிக்கலாம். கறி வாங்குவதில் தொடங்கி வலை கழுவுவது வரை இந்த ஒரு நாள் ஆண்கள் பொறுப்பு என்று தாளில் எழுதிவிட்டால் நல்லது. தாளில் எழுதாத வேலை யார் தலையில் விழும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். பேப்பர் தட்டுக்குப் பதில் வாழை இலை போட்டால் பாதிப் பாத்திரம் குறையும், மிச்சம் மாட்டுக்கு ஆகும். கறி பட்ட இலையை மட்டும் தனியாக எடுத்துவிட வேண்டும்.

செலவையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். கறிக்காசு கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். கரி, கிழங்கு, காய் எல்லாம் வீட்டுக்குச் சமபங்கு.

சின்னப் பிள்ளைகள் ஓடுகிற இடத்திலிருந்து அடுப்பைச் சுற்றி நாலு அடிக்குச் செங்கல்லோ சாக்பீஸ் கோடோ எல்லையாக இருக்க வேண்டும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில். காணும் பொங்கலுக்குக் கட்டிய பாலியஸ்டர் பாவாடையோடு யாரும் நெருப்புக்குக் கிட்டே வரக் கூடாது. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108.

எல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் மிக முக்கியமான விஷயம் வருகிறது. அடுப்பில் கரி அணைந்த மாதிரி தெரியும், அணைந்திருக்காது. தை மாதத்துப் பனி இறங்கும் நேரம். ரூமில் மெத்தை இல்லாமல் தரையில் படுக்கிற பசங்களுக்கு, இந்தக் கனப்பை உள்ளே எடுத்துப்போய் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். இல்லை என்றால், பனியில் நனைந்து துருப்பிடிக்கும் என்று யாராவது அடுப்பை வராண்டாவுக்குள் இழுத்து வைப்பார்கள்.

2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இரண்டு பேர் அப்படித்தான் இறந்துபோனார்கள். பார்பிக்யூ போட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுப்பை அணைக்காமல் அறைக்குள் தூங்கியிருக்கிறார்கள். கரி முழுசாக எரியாதபோது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இருமல் வராது, கண் எரியாது. தலை கனக்கும், தூக்கம் வரும், தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தேன் என்பது சமாதானம் ஆகாது. தணல் இருக்கிற அடுப்பு அறைக்குள், வராண்டாவுக்குள், கார் ஷெட்டுக்குள் போகக் கூடாது.

அதனால் அந்தத் தாளில் கடைசி வரியாக ஒரு பெயர் இருக்க வேண்டும்: நெருப்பு அணைப்பவர். மறுநாள் காலை டியூட்டி இல்லாத ஒருவர். கரியைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து, கை வைத்தால் சுடாது என்கிற வரை நிற்க வேண்டும். ஒரேயடியாக வாளியைக் கவிழ்த்தால் ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பலை அன்று ராத்திரியே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டக் கூடாது. காலையில் செடிக்குப் போடலாம், ஓனர் அம்மா பித்தளைப் பானை தேய்க்கக் கேட்டாலும் கேட்பார்.

அதற்கு முன்னால், எட்டரை மணிக்கு ஒரு வேலை இருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பும் ஃபிட்டருக்கு ஒரு பொட்டலம் கட்ட வேண்டும். வாழை இலையில் இரண்டு துண்டு கோழி, ஒரு லிட்டி, ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கூட டியூட்டியில் இருப்பவருக்கும் சேர்த்தே வைத்துவிடலாம். நடுராத்திரி டீ டைம் வரை வைத்திருக்காமல், பத்து மணிக்கு பஞ்ச் அடித்து உள்ளே போவதற்குள் சாப்பிட்டுவிடச் சொல்ல வேண்டும்.